செட்டிநாட்டைச் சைக்கிளிலும் நடந்தும் சுற்றுவது எப்படி?

செட்டிநாட்டுக்கு வருபவர்களில் பலர் காரில் வந்து, ஒரே பகலில் நாலு வீடு, ரெண்டு கோயில், ஒரு விருந்துச் சாப்பாடு என்று முடித்துக்கொண்டு மதுரைக்கோ திருச்சிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அப்படி வந்தால் வீடுகள் மட்டும்தான் கண்ணில் படும். செம்மண் பொட்டல், பனை வரிசை, கண்மாய்க்கரை, கோயில்காட்டுக்குள் நிற்கும் மண்குதிரைகள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடிவிடும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்கச் சைக்கிளும் காலும்தான் சரி.

நிலமும் ஒத்துவருகிறது. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள். இப்போது எழுபத்துச் சொச்சம். சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களிலும் அவை பரவிக் கிடக்கின்றன. பல ஊர்கள் ஒன்றுக்கொன்று நாலைந்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. வருடக்கணக்காகச் சைக்கிளைத் தொடாதவர்கூட ஒரு காலைப் பொழுதில் மூன்று ஊர் பார்த்துவிடலாம்.

சிரமம் கொடுப்பது வெயிலும் தண்ணீரும்தான். ஆகவே எந்த வீட்டைப் பார்ப்பது என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு எந்த நிழலில் இருப்போம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகிறார்கள். விடியுமுன் புறப்படுவது, உச்சிப்பொழுதில் தங்குவது, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி நடப்பது என்பதுதான் பாதயாத்திரைக்காரர்களின் வழக்கம். நீங்களும் அதையே எடுத்துக்கொள்ளலாம். காலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கிளம்புங்கள்; ஒன்பதரைக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசி முடியட்டும்; மீதியை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

மார்கழி, தை, மாசி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழை ஓய்ந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும். வயலில் பச்சை இருக்கும். காலையில் லேசான பனி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது வந்தால் ஊர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும், மண்பாதை சேறாகிவிடும். சித்திரை, வைகாசியில் சைக்கிள் எடுக்க வேண்டாம். நுங்கும் பதநீரும் கிடைக்கும் காலம் அது என்பதற்காக வருபவர்கள் காலை எட்டரையோடு ஊர்சுற்றலை முடித்துக்கொள்ளட்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் பெடலை மிதித்து மிதித்து நின்ற இடத்திலேயே நிற்பது போலிருக்கும். அந்தக் காற்றுக்கு ஒரு வழி உண்டு: தெம்பு இருக்கும் காலையில் மேற்கே போய்விட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள். மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது போக்கை வடக்கே, கிழக்கே வைத்துக்கொண்டால் வருகை சுகம்.

தேதி குறிக்கும் முன் திருவிழாக்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டி, தை மூன்றாம் நாள், சிராவயலில் மஞ்சுவிரட்டு. காந்தியும் பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவும் சந்தித்துக்கொண்ட அதே சிராவயல்தான். வாடிவாசலில் வரும் மாடுகள் போக, சுற்றியுள்ள பொட்டலிலும் கட்டுமாடுகளை அவிழ்த்து விடுவார்கள். அன்றைக்குப் பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர்ப் பக்கம் சைக்கிளில் போவது வீரம் இல்லை, விவரமில்லாத்தனம். பொங்கலுக்குப் பிறகு வரும் செவ்வாயில் நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். கூட்டம் அங்கே போய்விடும் என்பதால் மற்ற ஊர்ச் சாலைகளுக்கு அதனால் தொந்தரவில்லை. தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் குன்றக்குடிச் சாலை முழுக்க நடைக்காரர்கள். மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் வரும் நாட்களில் டவுனுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எங்கே தங்குவது

காரைக்குடியா, கானாடுகாத்தானா என்று கேட்பார்கள். சைக்கிளுக்குக் கானாடுகாத்தான், அதன் சுற்றுப்புறம். பழைய வீடுகள் சில அங்கே விடுதியாகியிருக்கின்றன. தங்குபவர்களுக்குச் சைக்கிள் கொடுக்கும் இடங்களும் உண்டு. வாசலை விட்டு இறங்கினாலே அமைதியான தெரு. காரைக்குடியில் தங்கினால் அறை வாடகை குறையும், மெஸ் சாப்பாடு கிடைக்கும், பஸ் எல்லா ஊருக்கும் உண்டு. ஆனால் தினமும் காலையில் டவுன் நெரிசலைத் தாண்டியே வெளியே வர வேண்டும். கையிருப்பு குறைவு என்றால் காரைக்குடியில் தங்கி, மேற்குப் பக்கம் மட்டும் சைக்கிளில் போய், கானாடுகாத்தானுக்குப் பஸ்ஸில் வந்து நடந்து பார்க்கலாம். தேவகோட்டைப் பக்கம் முதல் தடவைக்கு வேண்டாம். ஊர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது தெற்கே தனியாக நிற்கிறது. மற்ற ஊர்களோடு சேர்த்து வட்டம் போட வராது.

படத்தில் பாதை போடுவது

போனில் வரைபடத்தைத் திறந்து இரண்டு ஊர் பெயரைப் போட்டால் அது நேரே நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடும். திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலை அது. பஸ்களும் சுற்றுலா வேன்களும் பறக்கிற அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கலாம். அதிலேயே ஓட்டுவதை முடிந்தமட்டும் தவிர்க்க வேண்டும். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் நிறைய. லாரி அங்கே எந்நேரமும் உண்டு.

ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. கொத்தமங்கலம் என்று தேடினால் கேரளத்துக்கு வழி காட்டும். கேரளத்தை விட்டாலும் ஆலங்குடிப் பக்கம் இன்னொரு கொத்தமங்கலம் இருக்கிறது. திருப்பத்தூர் என்றால் வேலூர்ப் பக்கத்து மாவட்டத் தலைநகர் முதலில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது மருது சகோதரர்களை 1801-இல் தூக்கிலிட்ட திருப்பத்தூர். பெயரைப் போடாமல், கோயிலையோ ரயில் நிலையத்தையோ குறியாக வைத்துத் தேடினால் இந்தக் குழப்பம் வராது.

அப்புறம் செயற்கைக்கோள் படத்துக்கு மாறுங்கள். ஊரை ஒட்டிச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ, கட்டம் கட்டிய கரையோடு தெரிவது ஊருணி. ஊருக்கு வெளியே பிறை வடிவத்தில் பெரிதாகக் கிடப்பது கண்மாய். நீங்கள் போட வேண்டிய பாதை ஓர் ஊருணியில் தொடங்கி அடுத்த ஊருணியில் நிற்பதாக இருக்கட்டும். ஊருணிக் கரையில் பெரும்பாலும் ஒரு கோயில் இருக்கும், ஓர் அரசமரமோ ஆலமரமோ இருக்கும், பக்கத்தில் டீக்கடை இருக்கும். நிழல், உட்காரத் திண்ணை, வழி கேட்க ஆள் என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். ஊருணித் தண்ணீர் ஊராரின் புழக்கத்துக்கானது. சில இடங்களில் குடிக்கவும் எடுக்கிறார்கள். சைக்கிள் டயரை அதில் கழுவாதீர்கள். படிக்கட்டில் செருப்போடு இறங்காதீர்கள்.

கண்மாய்க்குள் கோடு போட்டு ஒரு பாதை தெரிந்தால் அதை நம்ப வேண்டாம். கோடையில் வண்டி ஓடி ஓடி விழுந்த தடம் அது. தையில் அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கரைமேல் போகும் பாதைகளில் நடக்கலாம். காய்ந்த காலத்தில் சைக்கிளை உருட்டலாம். மழை முடிந்த கையோடு கரை ஈரமாக இருக்கும்போது வேண்டாம். கரையும் கெடும், கலுங்குக்கு (மிகுதி நீர் வழியும் இடம்) பக்கம் பாசியில் வழுக்கவும் செய்யும்.

தூரத்தை இப்படிக் கணக்குப் போடுங்கள்: சாதாரண சைக்கிளில் மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர். நின்று பார்ப்பதற்கு ஓட்டும் நேரத்தின் அளவே இன்னொரு பங்கு. ஆக 20 கிலோமீட்டர் வட்டம் என்றால் நாலு மணி நேரம். முதல் நாளிலேயே அதற்கு மேல் போக வேண்டாம். நடை என்றால் ஒரு காலைக்கு 6 கிலோமீட்டர் போதும். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு குறுக்கு வழியும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாதியில் வெட்டிக்கொண்டு திரும்பலாம். வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி முன்கூட்டியே இறக்கி வைப்பது நல்லது. பொட்டல்வெளியில் சிக்னல் சில இடத்தில் கிடைப்பதில்லை.

முள்

இந்த மண்ணில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். சாலையோரம் முழுக்க அதுதான். வேலிக்கு வெட்டிப் போட்ட கிளையிலிருந்து உதிர்ந்த முள் மண் நிறத்திலேயே கிடக்கும். டயரைத் துளைத்து டியூபுக்குள் போய், முனை மட்டும் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். பஞ்சர் ஒட்டி மாட்டியபின் அரை கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்குகிறதென்றால் காரணம் அந்த ஒடிந்த முனைதான். எனவே டியூபைக் கழற்றியதும் ஒரு பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறம் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். வெறும் விரலால் தடவினால் ரத்தம்தான் வரும். உள்ளிருந்து பிடுங்க வராவிட்டால் வெளிப்பக்கத்திலிருந்து குத்தித் தள்ளி எடுக்க ஒரு சின்ன குறடு வேண்டும்.

சாலையை விட்டு இறங்கும்போது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்குவது இன்னும் மேல். மரநிழலில் சாய்த்து வைக்கும் முன் அது என்ன மரம் என்று பாருங்கள்.

கிராமத்துச் சைக்கிள் கடைகளில் நாட்டுச் சைக்கிளுக்கான டியூபும் வால்வும் கிடைக்கும். கியர் சைக்கிளின் மெல்லிய டயருக்கும் நீள வால்வுக்கும் அங்கே எதுவும் கிடைக்காது. அப்படிப்பட்ட சைக்கிள் கொண்டுவருபவர்கள் ஆளுக்கு இரண்டு டியூப், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் கழற்றும் நெம்பி என்று எல்லாவற்றையும் ஊரிலிருந்தே எடுத்து வர வேண்டும். விடுதிச் சைக்கிள் எடுப்பவர்கள் முதல் நாள் மாலையே பிரேக்கையும் சீட் உயரத்தையும் சரிபார்த்து வையுங்கள். காலை ஐந்தரைக்கு ஸ்பேனர் தேட முடியாது. ரொம்பவும் மக்கர் செய்தால் ஒரு குட்டி யானையை (சின்ன சரக்கு வண்டி) கூப்பிட்டுச் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு காரைக்குடி வந்துவிடலாம். நம்பரை விடுதியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காலை: கானாடுகாத்தானில் நடை

வந்த மறுநாளே சைக்கிள் எடுக்காமல் ஒரு காலை நடந்துவிடுங்கள். கானாடுகாத்தான் அதற்குத் தோதான ஊர். தெருக்கள் நேர்கோட்டில், ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. ஒரு தெருவில் முகப்பு இருக்கும் வீட்டின் பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். முன்பக்கம் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடாமல், பக்கச் சுவரை ஒட்டியே கடைசிவரை நடந்து பாருங்கள். முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு), இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று உள்ளே எப்படி நீள்கிறது என்பது வெளியிலிருந்தே காலுக்குப் புரியும்.

எனக்குப் பிடித்த பாதை தண்ணீர் போகும் பாதை. ஓட்டுக்கூரைகள் உட்புறமாகச் சரிந்து வளவின் முற்றத்தில் மழையை இறக்கும். வீட்டுத் தேவைக்குப் பிடித்தது போக மீதி தெருவோர வாய்க்காலுக்கு வரும், அங்கிருந்து ஊருணிக்கு. தெருவில் வாய்க்கால் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் அது உங்களை ஊருணிக் கரையில் கொண்டுபோய் விடும். இடையில் மூடிய வாய்க்கால், மேலே போட்ட தார், அடைத்து நிற்கும் குப்பை எல்லாம் வரும். அதையும் பார்க்கத்தான் வேண்டும். வறண்ட நிலத்தில் இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் மழையை என்ன செய்தார்கள் என்பது தேக்குத் தூணைவிடச் சுவையான விஷயம் என்பது என் கட்சி.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இந்த ஊரில்தான். வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளத் தயாராக வாருங்கள். பொதுவாகவே பாதி வீடுகள் பூட்டித்தான் இருக்கும். ஒரு வீடு ஒருவருக்குச் சொந்தம் என்பதும் அரிது. பங்காளிகள் பல புள்ளிகளாக, அதாவது தனித்தனிக் குடும்பங்களாக இருப்பார்கள். சென்னையில் ஒருவர், மலேசியாவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால்தான் கதவு முழுசாகத் திறக்கும். வாசலில் இருக்கும் காவலாளியால் எல்லாருக்காகவும் சரி சொல்ல முடியாது என்பதைப் புரிந்துகொண்டால் அவர் மறுக்கும்போது கோபம் வராது.

திண்ணையில் ஆள் இருந்தால் கேட்கலாம். "ஆச்சி, முகப்பு மட்டும் பாத்துட்டுப் போயிரட்டுமா?" என்று கேட்டால், "செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்று பதில் வருவதும் உண்டு. வந்தால், முகப்போடு நின்றுகொள்ளுங்கள். அழைக்காமல் வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. போனை வெளியே எடுக்கும் முன் இன்னொரு தரம் கேளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் தனி. அங்கே தயக்கம் வேண்டாம்.

வழி கேட்கும்போது தெருப்பெயரும் கதவு எண்ணும் இங்கே அவ்வளவு உதவாது. வீடுகளை விலாசத்தின் எழுத்துகளால்தான் சொல்வார்கள். நாலைந்து இனிஷியல் அடுக்கி, கடைசியில் 'வீடு' என்று முடியும். நீங்கள் தேடும் வீட்டின் எழுத்துகளை வரிசை மாறாமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினால் வேறு வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்.

கிழக்குப் பார்த்த முகப்புகளைப் படம் எடுக்கக் காலை ஏழு மணி. மேற்குப் பார்த்தவற்றுக்கு மாலை ஐந்து. நடுப்பகலில் சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூச வைப்பதோடு சரி.

முதல் சைக்கிள் வட்டம்

கானாடுகாத்தான், கொத்தமங்கலம், பள்ளத்தூர், மறுபடி கானாடுகாத்தான். சுமார் 15 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். புதியவருக்கு இதைவிட நல்ல பாதை இல்லை. ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் முடியாதபோது ஒதுங்க இடம் உண்டு. சாலையும் பெரும்பாலும் காலி. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது இந்தப் பக்கத்து ஊர்களும் அதில் இருந்தன. நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால் தெற்கே கோட்டையூர்வரை இறங்கலாம். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகத்தைச் சுற்றிய ஏ. கே. செட்டியார் பிறந்த ஊர் அது. இன்றைக்குச் சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்தின் புத்தகங்கள் சேர்ந்ததும் இந்த ஊர் வீடு ஒன்றில்தான்.

தை, மாசியில் இந்தச் சாலைகளில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். உளுந்துச் செடியை வண்டிச் சக்கரம் மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள். நெல்மேல் சைக்கிள் வழுக்கும். செடியும் வைக்கோலும் கியரில் சுற்றிக்கொண்டால் உட்கார்ந்து பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆகும். இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போங்கள். காய வைத்திருப்பவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு போதும்.

ஆத்தங்குடி

கானாடுகாத்தானிலிருந்து மேற்கே, போக வர இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். வண்ணத் தரைக்கல் செய்யும் பட்டறைகள் ஊருக்குள்ளும் சாலையோரத்திலும் இருக்கின்றன. காலையில் வேலை மும்முரமாக நடக்கும்போது போய்விட வேண்டும்.

செய்வது இப்படி. சதுரமான கண்ணாடித் துண்டைத் துடைத்துச் சட்டத்துக்குள் வைக்கிறார். அதன்மேல் பூ வடிவத் தடுப்புகள் கொண்ட ஓர் உலோக அச்சு. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு சின்னக் கரண்டியால் சிமெண்டில் கரைத்த சாயத்தை ஊற்றுகிறார். சிவப்பு, பச்சை, மஞ்சள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஓடிக் கலக்க வேண்டுமே, கலப்பதில்லை. குழம்பின் பதம் அப்படி. உடனே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு, கரணையால் மட்டம் செய்துவிடுகிறார். பிறகு காய விடுவது, தண்ணீர்த் தொட்டியில் ஊறல், மறுபடி வெயில். கண்ணாடியை எடுக்கும்போதுதான் பூ தெரியும். பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, தீயில் சுடுவதில்லை.

வேலை செய்பவரிடம் பேச்சுக் கொடுப்பதென்றால் கரண்டி கையில் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். கல் வாங்க ஆசை வரும். ஒரு கல் கனமாகவே இருக்கும், சைக்கிளில் வேண்டாம். பார்சலில் அனுப்பச் சொல்லலாம். ஆத்தங்குடி அரண்மனை என்று சொல்லும் பெரிய வீட்டைக் கட்டணம் கட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம். வெயில் ஏறும் நேரத்துக்கு அதை வைத்துக்கொண்டால் கல்லின் குளிர்ச்சி காலுக்கு நேரடியாகத் தெரியும்.

மேற்குப் பக்கம், கோயில் வழி

காரைக்குடியில் தங்கியவர்களுக்கு இது ஏற்றது. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் மாத்தூரும் இலுப்பைக்குடியும் டவுனுக்குப் பக்கத்திலேயே, ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. இரண்டையும் மட்டும் பார்த்துத் திரும்பினாலே நிறைவான காலை. இன்னும் போகலாம் என்பவர்கள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, முடிந்தால் இரணியூர். இந்த வட்டம் 35 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கோயில்களுக்கு வரும் வேன் நெரிசலும் உண்டு. பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் நின்றுவிட்டு இரணியூர் மண்டபத்துக்குள் போனால், சிற்பங்களைப் பார்க்க நம்மைத் தவிர ஆளே இருக்க மாட்டார்கள்.

கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். பொதுவாக நாலு மணிவாக்கில்தான் திறக்கும். பாதையை அதற்கேற்ப வையுங்கள். முழங்கால், தோள் மூடும் உடை, மேலே ஒரு துண்டு. வெயிலுக்கும் கோயிலுக்கும் அதுவே போதும். மாட்டிக் கழற்றச் சுலபமான செருப்பு.

அய்யனார் கோயில்கள் எல்லாப் பாதையிலும் வரும். அங்கே ஆள் இல்லையே என்று நினைத்து மண்குதிரையில் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். நேர்த்திக்கடனாகச் செய்து வைத்தது. கோயில்காட்டில் விறகு ஒடிப்பதில்லை என்ற கட்டுப்பாடும் பல ஊரில் உண்டு. சில கோயில்களில் பெண்கள் குறிப்பிட்ட இடத்துக்கு மேல் போவதில்லை. முதலில் கேட்டுவிடுவது நல்லது.

வடக்கே திருமயம்

பழகிய பிறகு செய்யலாம். நெடுஞ்சாலை வழியாகக் கானாடுகாத்தானிலிருந்து திருமயம் பக்கம்தான், ஆனால் நெடுஞ்சாலை. கடியாபட்டி வழியாகச் சுற்றினால் தூரம் கூடும், நிம்மதியும் கூடும். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை, குன்றின் சரிவில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து. கோட்டைப் பாறை பத்து மணிக்கு மேல் காலைச் சுடும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் திருப்பத்தூரையும் தாண்டி இருப்பதால் சைக்கிளில் போக வேண்டாம். சுற்றியிருப்பவை பறவைகளுக்காகப் பட்டாசே வெடிக்காத கிராமங்கள், காரில் போய்க் கண்மாய்க்கரையில் நடக்கலாம்.

வழியில்

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொஞ்சம் கடலைமிட்டாய். டீக்கடைகள் விடியற்காலையில் திறந்துவிடும், வடையும் கிடைக்கும். இளநீர் பெரிய சாலையில்தான், உள்ளூர்களில் நிச்சயமில்லை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதல் நாளே விடுதியில் சொல்லி வைக்க வேண்டும். போன உடனே சுட்டுக் கொடுக்கும் பண்டங்கள் இல்லை. வயிறு முட்ட விருந்து சாப்பிட்டுவிட்டு மாலைச் சவாரி என்று திட்டம் போடுவதும் நடக்காது.

"பக்கந்தான், ரெண்டு கிலோமீட்டர்" என்று யாராவது சொன்னால் அவர் எதில் போய்ப் பழகியவர் என்று பாருங்கள். மொபெட்டில் போகிறவரின் இரண்டு கிலோமீட்டர் உங்களுக்கு ஐந்தாக இருக்கலாம். "அண்ணே, இங்கிட்டுப் போனா எத்தனை ஊரு தாண்டணும்?" என்று கேட்டால் சரியான பதில் வரும். தெருநாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். வேகம் எடுத்தால் அதுவும் எடுக்கும். தனியாகப் போகும் பெண்கள் பாதையையும் திரும்பும் நேரத்தையும் விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது. உள்சாலைகளில் விளக்கு இல்லை. மாலை ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள். முன்விளக்கு இருந்தாலும் இருட்டில் உட்கார்ந்திருக்கும் மாடு பக்கத்தில் போனால்தான் தெரியும்.

ரயிலில் சைக்கிள்

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடிவரை வருகிறது. ராமேஸ்வரம் ரயில்களும் உண்டு. சொந்தச் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில், பயணச் சீட்டைக் காட்டி, லக்கேஜாகப் பதிய வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். கண்ணாடி, பம்பு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, செயின் பக்கம் அட்டை சுற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதிய துணியைக் கட்டிவிடுங்கள். செட்டிநாடு என்ற பெயரிலேயே கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது; அங்கே இறங்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது, நிற்பதும் ஓரிரு நிமிடம். சைக்கிளோடு வருபவர்கள் காரைக்குடி சந்திப்பில் இறங்குவதும் ஏறுவதும்தான் நடைமுறை. திரும்பும் நாளில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பதிவு ரசீதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் அதைக் காட்டினால்தான் சைக்கிள் கைக்கு வரும்.